ஊசியில் குத்திய பெயர்

சிவகாமி இறந்துபோன செய்தி பல்லேபொலயிலிருந்து தொலைபேசியில் வந்தது. பேசியவர் சோமாவதி. சிவகாமி இருபத்தைந்து வருடமாகத் தங்கியிருந்த கொக்கோத் தோட்டம் அவருடையது. "சிவகாமி போயிட்டா, மாத்தயா. காலையில எழும்பிக் கொக்கோ காயவைக்கப் பாய் விரிச்சா. விரிச்ச பாயிலயே சரிஞ்சிட்டா" என்று தனக்குத் தெரிந்த தமிழில் சொல்லிவிட்டு, மீதியைச் சிங்களத்தில் அழுதார். எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. இந்த மாத்தளை மாவட்டத்தில் பிறந்து இங்கேயே ஐம்பத்தெட்டு வயது வரை வாழ்ந்த ஒருவர், இந்த நாட்டு ஆள் என்று சொல்லும் அட்டையைக் கையில் வைத்திருந்தது கடைசி மூன்று வருடம் மட்டுமே. அந்தக் கோபத்தோடுதான் இதை எழுதுகிறேன். அடக்கமான அஞ்சலியை எதிர்பார்ப்பவர்கள் வேறு பக்கம் பார்க்கலாம்.

எங்கள் பயிர்ச் சோதனை நிலையத்தில் வேலை செய்தவர்களுக்கு அவரை நன்றாகத் தெரியும். பலருக்குப் 'புழுக்காரி' என்றுதான் தெரியும். நான் அங்கே எழுதுவினைஞர். அவர் என்னைக் 'கிளாக்கரய்யா' என்று கூப்பிடுவார். நான் அவரை ஆரம்பத்தில் 'நீ' என்று கூப்பிட்டேன். டவுனில் கோவிலடியில் வளர்ந்தவனுக்குத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டிலிருந்து வந்தவரை 'நீங்க' என்று சொல்ல நாக்கு வளையாத காலம் அது. அதையும் அவரே வளைத்தார்.

எழுபதுகளின் நடுவில், பாண் ரொட்டிக்கு வரிசையில் நின்ற பஞ்ச வருடங்களில், அவர் ரத்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து எங்களிடம் வேலைக்கு வந்தார். முள்ளுப்புழு பொறுக்கத்தான் ஆள் எடுத்தார்கள். கொழுந்து பறித்தவர்களுக்கு அந்தப் புழுவைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. பச்சை நிறத்தில், முதுகெல்லாம் முள்ளாக, இலையோடு இலையாக ஒட்டிக் கிடக்கும். கை பட்டால் அன்று முழுக்க எரியும். கொக்கோவையும் தேயிலையையும் நரம்பு மட்டும் மிஞ்சும்படி தின்றுவிடும். பிறகு சுண்டைக்காய் அளவில், கொட்டை போலக் கடினமான ஒரு கூட்டைக் கட்டிக்கொண்டு உள்ளே படுத்துவிடும். அந்தக் கூடுகளைப் பெட்டியில் வைத்து, எத்தனை அந்துப்பூச்சி வெளியே வருகிறது என்று எண்ணுவது எங்கள் பூச்சி அதிகாரியின் ஆராய்ச்சி. கண்டிப்பான மனிதர். எல்லோரும் அவரைப் பூச்சித்துரை என்போம்.

சிவகாமி கவனித்த பெட்டிகளில் அந்துப்பூச்சியோடு ஈக்களும் இருந்தன. துரை கொதித்துவிட்டார். மூடியைத் திறந்துபோட்டு ஈயை உள்ளே விட்டிருக்கிறாய், சுத்தம் தெரியாத ஆள் என்று எல்லோர் முன்னாலும் ஏசினார். புத்தகத்தில் 'பழுதாகியது' என்று என்னை எழுதச் சொன்னார். நானும் எழுதினேன். அதற்கு முன் இருந்த ஆட்களின் பெட்டிகளுக்கும் அப்படித்தான் எழுதியிருந்தோம். அந்துப்பூச்சிக்காகக் காத்திருந்த எங்களுக்கு ஈ வந்தால் குப்பை என்றுதான் தோன்றியது. சிவகாமி மட்டும் அசையாமல் நின்றார்.

"தொரை, அது வெளியில இருந்து வரல. உள்ளுக்க இருந்து வருது."

கூட்டுக்குள் ஈ எப்படி இருக்கும் என்று துரை சிரித்தார். அவர் போன பிறகு சிவகாமி நேரே என் மேசைக்கு வந்தார். கையில் ஓர் ஊறுகாய்ப் போத்தல், அதற்குள் ஒரே ஒரு கூடு. வாயில் மெல்லிய துணியை இறுக்கிக் கட்டியிருந்தார்.

"இந்த முடிச்சு மேல அரக்கு ஊத்தி உங்க கவருமெண்டு முத்திரைய அடிச்சுக் குடுங்க, கிளாக்கரய்யா. நான் தெறந்தேன்னு அப்பறம் யாரும் சொல்லக் கூடாது."

எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. அந்த வேடிக்கைக்காகத்தான் அடித்துக் கொடுத்தேன், வேறு நல்லெண்ணம் எதுவும் இல்லை. போத்தலைத் துரையின் மேசையிலேயே வைத்தோம். ஒன்பதாம் நாள் காலையில் கூட்டின் ஒரு முனை மூடியைப் போலக் கழன்று விழுந்தது. உள்ளேயிருந்து முதலில் வந்தது ஈயின் நெற்றி. அந்த நெற்றியில் ஒரு பை ஊதிப் புடைத்திருந்தது, அதைக் கொண்டுதான் மூடியைத் தள்ளியிருக்கிறது. வெளியே வந்ததும் பை சுருங்கி நெற்றிக்குள் போய்விட்டது. முத்திரை முத்திரையாகவே இருந்தது. துரை கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டார். ஏசியதற்கு மன்னிப்புக் கேட்கவில்லை. ஆனால் அன்று மதியச் சாப்பாட்டுக்குப் போகவுமில்லை.

பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். அது வீட்டு ஈயை விட ஒரு சுற்றுப் பெரியது. சாம்பல் நிறம், முதுகில் கறுப்புக் கோடுகள், செங்கல் நிறக் கண்கள். முகம் வெள்ளிப் பொடி பூசினாற்போல் மினுங்கும். வயிற்றின் முனையில் மயிர்கள் தேய்ந்த பல்துலக்கி போல விறைத்து நிற்கும். சாப்பாட்டில் மொய்க்காது, பூவில் தேன் குடிக்கும். காலை வெயிலில் இலைமேல் இருந்து சூடேற்றிக்கொண்ட பிறகு புழுவைத் தேடிப் போகும். கண்டதும் அதன் முதுகில் ஒரு வெள்ளை முட்டையை ஒட்டிவிட்டுப் பறந்துவிடும். முட்டையிலிருந்து வரும் குஞ்சுப்புழு உள்ளே துளைத்துப் போகும். முள்ளுப்புழு வழக்கம்போலத் தின்னும், வளரும், கூடும் கட்டும். கூடு கட்டி முடித்த பிறகுதான் உள்ளேயிருப்பது அதை முழுதாகத் தின்று தீர்க்கும். "வீடு கட்டுறது ஒருத்தன், குடி வாறது ஒருத்தன்" என்று சிவகாமி சிரிப்பார்.

அடுத்து வந்ததுதான் பெயர்ச் சண்டை. பூச்சியை ஊசியில் குத்தி வைக்கும்போது, அதே ஊசியில் சுண்டுவிரல் நகமளவு ஒரு சீட்டையும் குத்துவார்கள். நாடு, இடம், திகதி, பிடித்தவர் பெயர் என்று இங்கிலீசில் நாலு வரி. எனக்கு எறும்பெழுத்து நன்றாக வரும் என்பதால் சீட்டெழுதும் வேலை என்னுடையது. அந்தத் தொழிலில் ஒரு கண்டிப்பான வழக்கம் உண்டு. குத்திய சீட்டை எடுக்கக் கூடாது. பிழை என்றால் அதற்குக் கீழே இன்னொரு சீட்டைக் குத்த வேண்டும். பிழையும் இருக்கும், திருத்தமும் இருக்கும்.

முதல் ஈக்களுக்குப் பிடித்தவர் என்ற இடத்தில் துரையின் பெயரை எழுதினேன். அதுதான் நடைமுறை. சிவகாமிக்குத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் படித்த மூன்றாம் வகுப்புத் தமிழ் தெரியும், இங்கிலீசு தெரியாது. "என்ன எழுதியிருக்கீங்க, வாசிங்க" என்றார். வாசித்தேன்.

"புடிச்சது யாரு?"

"நீதான். ஆனா அப்படித்தான் எழுதுறது."

அவர் வேலைக்குத் திரும்பிப் போனார். அடுத்த வாரம் பன்னிரண்டு ஈக்களைக் கொண்டுவந்து வைத்தார். எந்த இடத்தில் பிடித்தது என்று கேட்டேன். சொல்லவில்லை. துரை வந்து கேட்டார். துரைக்கும் சொல்லவில்லை.

"ஈ உங்களுக்கு, தொரை. எடம் என் வாயில இருக்கு. என் பேர எழுதினா எடத்தச் சொல்றேன்."

இடம் தெரியாத பூச்சி அந்தத் தொழிலில் செத்த ஈக்குச் சமம். துரைக்கு அது நன்றாகத் தெரியும், சிவகாமிக்கும் அதற்குள் தெரிந்துவிட்டது. இரண்டு நாள் துரை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் என்னிடம் வந்து, "எழுது, எழுது. கூலியாள் பெயரை எழுதினால் வானம் இடிந்து விழாது" என்றார். அன்றிலிருந்து நானும் சிவகாமியை 'நீங்க' என்றேன். சிவகாமியும் இடங்களைச் சொன்னார். பல்லேபொல வீட்டுத் தோட்டங்கள், ரத்தோட்டை மலையடிவாரம், லக்கலைப் பக்கம் பல்லேகம வரை இந்த ஈ இருந்தது. மேட்டுத் தேயிலைக் குளிரில் இல்லை. இதையெல்லாம் பஸ்ஸிலும் நடையிலும் போய்க் கண்டறிந்தவர் அவர். துரை அல்ல, நானும் அல்ல.

துரை சில ஈக்களை வெளிநாட்டுக்கு அனுப்பிக் கேட்டார். இது புதிய இனமல்ல, ஜாவாத் தீவிலும் உண்டு என்று பதில் வந்தது. எங்களுக்கெல்லாம் சப்பென்று போய்விட்டது. சிவகாமி மட்டும் கேட்டார்: "அப்ப இதுவும் கடல் தாண்டி வந்ததுதானா? இதுக்கு இன்னும் நோட்டீசு வரலியா?"

தோட்டத்து ஆட்களுக்கு வந்துகொண்டிருந்த அந்த நோட்டீசு அவருக்கு வந்தது எண்பத்திரண்டில். அவர் சிறுமியாக இருந்தபோது தகப்பனார் குடும்பம் முழுவதுக்கும் இந்தியப் பிரஜாவுரிமை கேட்டு எழுதிக் கொடுத்திருந்தார். தகப்பனார் செத்து வருடங்கள் ஆன பிறகு, நாட்டை விட்டுப் போகச் சொல்லும் கடிதம் வந்தது. தம்பிமார் இரண்டு பேரும் குடும்பத்தோடு கிளம்பினார்கள். மாத்தளை ரயில் நிலையத்துக்கு நானும் போயிருந்தேன். தகரப் பெட்டிகளும் அம்மியும் கூட ஏறின. "அக்கா, நீ தனியா இங்க இருந்து என்னா பண்ணப் போற?" என்று சின்னத் தம்பி அழுதான்.

"இருக்கப் போறேன்" என்றார் சிவகாமி. அவ்வளவுதான் சொன்னார். வண்டி போனதும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பல்லேபொல பஸ்ஸில் ஏறினார்.

நிலையம் அவர் பெயரை வேலைப் பதிவேட்டிலிருந்து வெட்டியது. சோமாவதி தன் கொக்கோத் தோட்டத்தில் ஓர் அறை கொடுத்தார். அந்த வருடம் தோட்டத்தில் முள்ளுப்புழு கொட்டிக் கிடந்தது. மருந்தடிக்க ஆள் வந்து நின்றபோது சிவகாமி வழியை மறித்தார். "முதுகுல வெள்ளப் பொட்டு இருக்கான்னு பாருங்க. பொட்டு வச்சது செத்ததுக்குச் சமம். மருந்தடிச்சா ஈ சாகும், புழு மறுபடி வரும்." சோமாவதி அவரை நம்பினார். அடுத்த பூப் பருவத்துக்குள் புழு அடங்கியது. பக்கத்துத் தோட்டங்களில் மூன்று தரம் மருந்தடித்தும் அடங்கவில்லை. அதைப் பார்த்த அயல்காரர்கள் அதன்பிறகு மருந்தடிக்கும் முன் சிவகாமியைக் கூப்பிட்டார்கள்.

வேலை போனாலும் அவர் ஈ பிடிப்பதை விடவில்லை. மாதம் ஒரு தரம் தீப்பெட்டிகளில் கொண்டுவந்து என்னிடம் தருவார். இடமும் நாளும் சொல்வார். நான் சீட்டெழுதிப் பெட்டியில் குத்துவேன்.

இங்கே நான் செய்ததைச் சொல்லியாக வேண்டும். வெட்டப்பட்ட ஆளின் பெயரை அரசாங்கப் பெட்டியில் எழுத எனக்குப் பயம். யாராவது கண்டு கேட்டால் என் வேலைக்கு ஆபத்து. அதனால் பிடித்தவர் என்ற இடத்தில் என் பெயரை எழுதினேன். ஒரு வருடத்துக்கு மேல் அப்படி எழுதினேன். அவர் என் முன்னால் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே எழுதினேன். இங்கிலீசு தெரியாதவரிடம் அது எத்தனை சுலபம் பாருங்கள்.

எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் எங்கள் தெரு எரிந்தது, எங்கள் வீடும் சேர்ந்து எரிந்தது. பிள்ளைகளோடு ஒரு பள்ளிக்கூடத்தில் தரையில் படுத்திருந்தோம். பஸ் ஓடத் தொடங்கிய முதல் நாளே சிவகாமி அவித்த பலாக்கொட்டையும் சோறுமாக வந்து நின்றார். இனி இங்கே இருக்க முடியாது, திருச்சியில் மாமா இருக்கிறார், போகப்போகிறேன் என்று சொன்னேன். அவர் சோற்றைப் பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுத்துக்கொண்டே சொன்னார்:

"கடுதாசி வந்த நானே போகல. உங்களுக்கு யாரு கடுதாசி குடுத்தா?"

நான் போகவில்லை. நிலையத்துக்குத் திரும்பியதும் மறுபடி அவர் பெயரையே சீட்டில் எழுதத் தொடங்கினேன். பழைய சீட்டுகளுக்குக் கீழே திருத்தச் சீட்டுக் குத்தியிருக்க வேண்டும். யார் பார்க்கப்போகிறார்கள் என்று விட்டுவிட்டேன்.

அதன்பிறகு இருபது வருடங்கள் அவர் எந்த நாட்டுக்காரருமில்லை. யுத்த காலத்தில் அடையாள அட்டை இல்லாமல் பஸ்ஸில் போவது என்னவென்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும். தடைமுகாமில் இறக்குவார்கள். இரண்டு தரம் பொலிசில் வைத்திருந்தார்கள், சோமாவதி போய்ச் சத்தம் போட்டுக் கூட்டிவந்தார். அவர் கைப்பையில் எப்போதும் இரண்டு தீப்பெட்டி இருக்கும். திறந்து காட்டச் சொல்வார்கள். திறந்தால் ஈ.

சட்டம் மாறி, எங்கள் சனங்களுக்குப் பிரஜாவுரிமை கொடுக்கிறார்கள் என்று வந்தபோது அவரும் விண்ணப்பித்தார். கந்தோரில் இருந்த அவருடைய பழைய கோவைத் தாள்களில் ஒரு வரி இருந்தது. எண்பத்திரண்டில் நாட்டை விட்டுப் போய்விட்டார் என்று யாரோ எழுதியிருந்தார்கள். போகவில்லை என்று காட்ட வேண்டும். வேலைப் பதிவில் பெயர் இல்லை, அரிசிக் கூப்பன் புத்தகம் இல்லை, ஒரு சீட்டும் இல்லை.

"சீட்டு இல்லன்னு யாரு சொன்னா?" என்று என்னிடம் வந்தார் சிவகாமி. "உங்க பெட்டி நெறைய என் சீட்டுதானே இருக்கு."

அப்போது நான் பிரதம எழுதுவினைஞர், சாவி என் கையில். 'ஈக்கள், பெட்டி ஒன்று, தற்காலிகமாக' என்று எழுதிக் கையெழுத்திட்டு வெளியே எடுத்தேன். மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன். எது வரப்போகிறது என்று எனக்குத் தெரியும். வாயைத் திறந்து சொல்லத்தான் தைரியம் வரவில்லை.

மாத்தளை அரசாங்கக் கந்தோரில் விசாரித்தவர் இளம் அதிகாரி, சிங்களவர். கண்ணாடி மூடியைப் பார்த்து, இது என்ன என்று கேட்டார். சிவகாமி சிங்களத்திலேயே பதில் சொன்னார். "நான் இங்கேதான் இருந்தேன் என்பதற்குச் சாட்சி, மாத்தயா. வரிசையாக வாசியுங்கள்." அதிகாரி சிரிக்கவில்லை. பூதக்கண்ணாடி தேடி எடுத்து உண்மையாகவே வாசித்தார். இடம், நாள், சிவகாமி. இடம், நாள், சிவகாமி. எண்பத்திரண்டின் நடுவில் நிறுத்தினார்.

"இங்கிருந்து ஒரு வருடத்துக்கு மேல் உங்கள் பெயர் இல்லையே. வேறொருவர் பெயர் இருக்கிறது. அப்படியென்றால் கோவையில் இருப்பது சரிதானே? நீங்கள் போய்விட்டுக் களவாகத் திரும்பி வந்திருக்கிறீர்கள்."

சிவகாமி என் பக்கம் திரும்பித் தமிழில் கேட்டார். "யாரு பேரு எழுதியிருக்கு?"

"என் பேருங்க."

"ஏன்?"

"பயந்து போயிட்டேன்."

அவர் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத எனக்குத் தெம்பில்லை. பிறகு கேட்டார்: "பேனா வச்சிருக்கீங்களா?"

வைத்திருந்தேன். "எழுதுங்க. இங்கயே, இவருக்கு முன்னால. கீழ குத்துற சீட்டு."

அதிகாரிக்கு எங்கள் தொழிலின் வழக்கத்தை நான் விளக்கினேன். இது என் பெயரல்ல, என் பொய் என்றேன். அவர் ஒரு வெள்ளைத் தாளை நீட்டினார். அதைச் சிறிது சிறிதாக வெட்டி, 'பிடித்தவர் சிவகாமி. மேலே உள்ளது பிழை. பிழை என்னுடையது' என்று எழுதிக் கையெழுத்திட்டு, ஒவ்வோர் ஈயாக எடுத்து ஊசியின் அடியில் குத்தினேன். முப்பத்தொரு ஈ. அதிகாரி சாப்பாட்டுக்குப் போய்த் திரும்பியும் வந்துவிட்டார். சிவகாமி ஒரு நிமிடம்கூட உட்காரவில்லை. எல்லாம் முடிந்த பிறகு, அதே விடயத்தைச் சத்தியக் கடதாசியாகவும் எழுதித் தரச் சொன்னார் அதிகாரி. தந்தேன்.

திரும்பி வரும்போது பஸ் நிலையத்தில் மன்னிப்புக் கேட்டேன்.

"மன்னிக்கிறதெல்லாம் சாமி வேல" என்றார். "நீங்க எழுதுற வேலையப் பாருங்க."

அதன்பிறகும் மாதா மாதம் ஈ கொண்டுவந்தார். ஆனால் ஒவ்வொரு சீட்டையும் எழுதியவுடன் வாசித்துக் காட்டச் சொல்வார். என் பேச்சைக் கேட்டு விட்டுவிடாமல், எழுத்து எழுத்தாக விரல் வைத்துக் காட்டவும் சொல்வார். தன் பெயரின் இங்கிலீசு எழுத்துகளை அப்படித்தான் படித்துக்கொண்டார். பிரஜாவுரிமைக் கடிதம் வந்தபோது யாரிடமும் கேட்காமல் தானே அதை வாசித்தார்.

சிவகாமியின் எட்டாம் நாள் காரியம் முடிந்து வரும் வழியில் நிலையத்துக்குப் போனேன். ஓய்வுபெற்ற பிறகு அந்தப் பக்கம் நான் போனதில்லை. பார்வையாளர் கூடத்தில் இப்போது பெரிய பலகைகள் வைத்திருக்கிறார்கள். ஒன்றில் நம் ஈயின் படம், மூன்று மொழியில் விளக்கம், நிறம், முட்டையிடும் விதம், பரவியுள்ள இடங்கள். அந்த இடங்களின் பட்டியல் சிவகாமி வாயால் எனக்குச் சொன்ன வரிசையிலேயே இருந்தது. கீழே, 'எமது அதிகாரிகளால் கண்டறியப்பட்டது' என்று போட்டிருந்தார்கள்.

சட்டைப் பையில் எப்போதும் தாள் வைத்திருக்கும் பழக்கம் எனக்கு அவரால் வந்தது. நகமளவு கிழித்து, மூன்று மொழியிலும் அவர் பெயரை எழுதினேன். அறிவித்தல் பலகையிலிருந்து ஒரு குத்தூசியைக் கழற்றி, அந்த வரிக்குக் கீழே குத்தினேன். காவலாளி ஓடிவந்தான்.

"ஐயா, என்ன செய்யிறீங்க? அனுமதி இருக்கா?"

"இல்லை" என்றேன். "பிழை இருந்தது. கீழே திருத்தம் வைத்திருக்கிறேன்."

நிலையத்துப் பெரியவரிடம் சொல்லி எடுக்க வைப்பேன் என்றான். சொல்லட்டும். எடுக்கட்டும். சிவகாமியிடமிருந்து எனக்கு மிஞ்சியது மன்னிப்பு அல்ல. அதை அவர் தரவில்லை, நானும் இனிக் கேட்க முடியாது. அவர் எனக்கு விட்டுப் போனது இந்த எழுதுகிற வேலை. அறுபத்தொரு வயதில் என் எறும்பெழுத்து இன்னும் நடுங்கவில்லை. வீட்டில் அதே சீட்டு இன்னும் நாற்பது எழுதி வைத்திருக்கிறேன். பலகை அங்கே இருக்கும் வரை நானும் போவேன்.